ராணிக்குப் பிடிக்காத வீடு

"ஓடு போட்டு, சீமெந்து பூசிப் புது வீடு கட்டியாச்சு. ராணி ஏன் உள்ளே வராது?" தோட்டத்துத் துரை கத்தினார்.

"பழைய எடத்தை விட்டு வர மனசில்லைங்க தொரை," என்று கைகட்டி நின்றான் கருப்பண்ணன். "மூணு நாளாக் கெஞ்சிப் பாத்துட்டேங்க. வாசப்படியிலயே அடம் புடிக்குது."

துரைக்கு அலுத்துவிட்டது. "அப்போ ராணி பழசிலேயே இருக்கட்டும். நீ குடும்பத்தோட புதுசுக்கு வா. ராணிக்குப் பக்கத்திலே ஆள் வேணும்."

கருப்பண்ணன் பழைய லாயத்துக்கு ஓடி, ராணியின் பிடரியைத் தடவி ஒரு கட்டுப் புல் போட்டான். குதிரை கனைத்தது.

அதற்குள் அவன் மனைவி பேச்சாயி, ஏழு பேரோடு முடங்கிக் கிடந்த தொழிலாளர் லயத்து ஒற்றை அறையிலிருந்து சட்டி பானையுடன் புது வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ராணியை மெரட்டுனது போதுங்க," என்றாள் திரும்பி வந்த கணவனிடம். "இங்க வைக்கோலுக்கு அடியில கெடக்குற புலித்தோலை எடுங்க. தொரை தேடுறதுக்குள்ள பங்களாச் சொவத்துல திரும்ப மாட்டணும்."