ஒத்துவராத குளிசை

“பெனிசிலின் மட்டும் வேணாம் டொக்டர்! அதால இவர் மௌத்தாகப் பாத்து மீண்டு வந்தவர்.”

சொல்லி முடிப்பதற்குள் றபீக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த அவள் கணவன் றாஸிக் யாரையும் பார்க்காமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில், முக்காட்டை இழுத்துவிட்டபடி அவனுடைய மாமி, றபீக்காவின் உம்மா, நின்றார்.

வார்டுக்குப் பொறுப்பான டொக்டர் கஜேந்தினி பொறுமையாகத்தான் கதைத்தார்.

“இவர்ட இதய வால்வில கிருமி பிடிச்சிருக்கு. அதுக்குச் சரியான மருந்து பெனிசிலின்தான். அது ஒத்துவராதெண்டு சொன்னதால வேற மருந்து குடுக்கிறம். அது கிருமியையும் முழுசாக் கொல்லல்ல, கிட்னியையும் பழுதாக்குது. அண்டைக்கு என்ன நடந்ததெண்டு வடிவாச் சொல்லுங்க. பயமில்லாத கதையெண்டா கொஞ்சமாக் குடுத்து நானே சோதிச்சுப் பாப்பன். அதுக்கு அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட் வேணுமெண்டில்ல.”

“எங்கட கலியாணத்தண்டு டொக்டர். இருபது வருசமாகுது,” என்று றபீக்கா தொடங்கினாள். “இவருக்குத் தொண்ட நோவு. டிஸ்பென்சரியில பெனிசிலின் குளிசை குடுத்தாங்க. அதக் குடிச்சிட்டு வந்து எங்கட வீட்டுப் பந்தியில இருந்தார். கொஞ்ச நேரத்தால முகமெல்லாம் வீங்கி, சொண்டு தடிச்சி, மூச்சு முட்டி...”

“மூச்சு முட்டினதா?” டொக்டரின் முகம் மாறியது. “அப்படியெண்டா நான் இங்க தொட ஏலா. கொழும்புக்குத்தான் அனுப்பணும். இந்த நிலையில அவ்வளவு தூரம் போறதும் ஆபத்துத்தான். வேற சாப்பாடு ஏதும் ஒத்துவராதா இவருக்கு?”

“இவருக்கு ஒண்டுமில்ல. எங்கட உம்மாக்குத்தான் றால் ஒத்துவராது. அதால எங்கட வீட்டில றாலே எடுக்கிறல்ல.”

றாஸிக் வாயைத் திறந்தான். மாமியின் முக்காடு கண்ணில் பட்டதும் மூடிக்கொண்டான். உயிர் போகிற நேரத்திலும் வராத வார்த்தையை நினைத்து அவனுக்கே அவன்மீது அருவருப்பாக இருந்தது.

மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைத்ததே இல்லை. சாப்பிட வரச் சொல்வதானாலும் மகள் வழியாகத்தான் சொல்லி அனுப்புவார். இப்போதும் மகளின் கையைத்தான் பிடித்தார்.

“வாகா, நாம வெளிய நிப்பம். டொக்டர் ஆளோட தனியக் கதைக்கட்டும்.”

வாசல்வரை போனவர், டொக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தார். கிட்னியைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்த றாஸிக் இன்னும் கூனிக் குறுகிப்போனான்.

டொக்டர் திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“றாஸிக், ஒண்டு கேக்கன். அந்தக் குளிசைய நீங்க உண்மையாவே குடிச்சீங்களா?”

றாஸிக் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“இல்ல டொக்டர். கலியாண அவதியில மறந்திட்டன்.”

“அப்ப முகம் வீங்கினது?”

“றாலால. சின்ன வயசிலயிருந்தே எனக்கு அது ஆகாது. சொண்டு தடிச்சிப்போகும். ஆனா மாமி தன்ட கையால பொரிச்ச றால். புது மாப்பிள்ள, முதல் பந்தி. வேணாமெண்டு சொல்ல ஏலுமா? ரெண்டு தின்னா ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன். முகம் வீங்கினதும் சனம் கதைக்கத் தொடங்கிட்டு, மாப்பிள்ளையக் கைக்குள்ள போட மாமி சோத்தில மருந்து வெச்சிட்டாவாம் எண்டு. அவ அடுப்படியில இருந்து அழுதா. நான் குளிசையில பழியப் போட்டுட்டன்.”

“மூச்சு முட்டினது?”

“அது றபீக்கா சேத்த கதை. நான் மறுக்கல்ல.”

அன்று ஒரு நாளைச் சமாளிக்கச் சொன்ன பொய். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் றபீக்கா முந்திக்கொண்டு அதையே சொன்னாள். டொக்டர்மாரும் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார்கள். கலியாணம் முடிந்த கையோடு மாமிக்கும் றால் ஒத்துவராமல் போனது அல்லாஹ் செய்த உதவி என்று அவன் ஷுக்ர் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டான். இப்போது அந்தப் பொய்க்காக ஒருத்தி தூக்கமில்லாமல் வார்டு வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

டொக்டர் திட்டவில்லை. முதலில் துளி மருந்து, பிறகு முழு அளவு. நேர்ஸ் பக்கத்திலேயே நின்று பிறஷர் பார்த்தாள். ஒரு தடிப்பில்லை, சொறியில்லை.

“டொக்டர், அல்லாஹ்வுக்காக றால் கதைய மட்டும் மாமிக்கு முன்னால எடுத்திடாதீங்க,” என்று றாஸிக் கெஞ்சினான். டொக்டர் சிரித்துக்கொண்டே இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

“பெனிசிலின் இவருக்கு நல்லா ஒத்துவருது. இண்டைக்கே ஊசி தொடங்கிறம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்ற றபீக்கா மறுகணமே நெற்றியைச் சுருக்கினாள். “அப்ப அண்டைக்கு முகம் வீங்கினது எதால?”

றாஸிக் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டான்.

“போர்வைய எடுங்க மகன்.”

மாமியின் குரல்! அவனோடு நேரே கதைத்த முதல் வார்த்தை. றாஸிக் மெல்லப் போர்வையை விலக்கினான்.

“டொக்டர்ட்ட அதக் கேக்கச் சொன்னதே நான்தான்,” என்றார் மாமி, தரையைப் பார்த்தபடி. “கலியாணத்துக்கு அடுத்த நாள் உங்கட சட்டையக் கழுவ எடுக்கக்குள்ள, அந்தக் குளிசை பிரிக்காமப் பொக்கட்டுக்குள்ளயே கிடந்திச்சி. அண்டையிலயிருந்துதான் எனக்கு றால் ஒத்துவராமப் போன.”