பக்கத்து வீட்டுக் கமலாக்கா

“என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க! பதினோரு மணிக்குன்னுதானே புரோக்கர் சொன்னாரு? பரவால்ல, உள்ள வாங்க” என்றாள் ஷாலினி, கையிலிருந்த துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு.

வாசலில் நின்ற கணவன் மனைவிக்கு நாற்பதைத் தாண்டிய வயது.

“இல்லீங்க அம்மணி, நாங்க வந்து...” என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

“நேரத்தோட வந்தா என்னங்க தப்பு? உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காரு. வண்டியை எங்க நிறுத்துனீங்க?”

“வண்டி இல்லீங்க, நடந்தே வந்துட்டம்” என்றார் கணவர்.

பார்ட்டியை ரொம்பப் பேச விடக் கூடாது, நாமதான் பேசிக்கொண்டே இருக்கணும் என்பது புரோக்கர் சொல்லிக்கொடுத்த பாடம். கேட்டில் ‘வீடு விற்பனைக்கு’ என்று போர்டு தொங்கவிட்டு ஒரு மாதம் ஆகிறது. இதுவரை வந்த இரண்டு பேரும், “ஆளரவமே இல்லையே” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் பிளாட் போட்டு எழும்பிய நகர் அது. காலையில் ஆளுக்கொரு திசையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். இருட்டியபின் வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஷாலினிக்குத் திருச்செங்கோட்டில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கணவன் ரமேஷ்குமாருக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்ட், வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் ராசிபுரத்தில் அம்மா வீடு. குடிவந்து இரண்டு வருஷத்தில் தன் தெருவைப் பகல் வெளிச்சத்தில் அவள் பார்த்ததே குறைவு.

ரமேஷ்குமாருக்கு வீட்டை விற்க மனசே இல்லை. இவள் அழுது அழுதுதான் சம்மதிக்க வைத்திருந்தாள். இந்தப் பார்ட்டியையும் கோட்டை விட்டால் அவன் போர்டைக் கழற்றிவிடுவான்.

“தண்ணிக்குக் கஷ்டமே இல்லைங்க. சாயங்காலமானா மலைக்காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும்.”

கணவர் எழுந்துபோய் மூலைச் சுவரைத் தடவிப் பார்த்தார். “ஓதம் ஏறுது பாருங்க. எங்க ஊட்லயும் இந்தப் பக்கந்தான் இப்படி.”

“அதெல்லாம் பெயிண்ட் அடிச்சாச் சரியாப் போயிரும்ங்க.”

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “அக்கம்பக்கம் எப்படிங்க?”

எந்தக் கேள்வி வரக் கூடாது என்று ஷாலினி வேண்டிக்கொண்டிருந்தாளோ, அதுவே வந்துவிட்டது.

“தங்கமானவங்க! அதுலயும் பக்கத்து வீட்டுல கமலாக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க பாருங்க...”

“கமலாக்காவா?” கணவர் வாயைத் திறக்க, அந்த அம்மா அவர் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார்.

வீடு பிடித்துப்போய்விட்டது, அதுதான் சாடை காட்டுகிறார் என்று ஷாலினிக்கு ஒரே குஷி. அவளுக்குப் பொய்யை ஆரம்பிக்கத் தெரியுமே தவிர நிறுத்தத் தெரியாது.

“காலைல அஞ்சு மணிக்கு அவங்க குக்கர் விசிலடிச்சாத்தான் நான் எந்திரிப்பேன். எனக்கு அதான் அலாரம். அவங்க குழம்பு வெச்சா ஒரு கிண்ணம் இங்க வந்துரும். எனக்கு ஒண்ணுன்னா ஓடி வந்து நிப்பாங்க.”

“ராத்திரியில இந்த வாசல் லைட்டு?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் எரியும்ங்க. இருட்டுல வர்றவங்க யாரும் பூச்சி பொட்டை மிதிச்சிரக் கூடாதில்ல?”

“இத்தனை நல்ல மனுசங்களை உட்டுப்போட்டு, ஏனுங்க அம்மணி ஊட்டை விக்கறீங்க?”

‘வேலைக்குப் பக்கமாப் போறோம்’ என்று பதில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பரிவாக யாரும் அவளிடம் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. கண் கலங்கி, உண்மை வெளியே வந்துவிட்டது.

“போன மாசம் காய்ச்சல்ல விழுந்துட்டேனுங்க. அவரு ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. ஒரு டம்ளர் சுடுதண்ணி வேணும். எந்தக் கதவைத் தட்டறதுன்னு தெரியலை. கமலாக்கான்னு யாருமே இல்லீங்க. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. குக்கர் சத்தமும் இந்த லைட்டும் மட்டுந்தான் நெசம்.”

இனி இவர்களும் வாங்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகியிருந்தது.

அப்போது போன் அடித்தது. புரோக்கர்தான்.

“அம்மணி, பார்ட்டி இப்பத்தான் புது பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருக்காங்க. அரை மணி நேரத்துல கூட்டிக்கிட்டு வாரேன்.”

ஷாலினி போனும் கையுமாக நிமிர்ந்தாள். “அப்ப... நீங்க?”

அந்த அம்மா சிரித்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க சொல்ல உட்டீங்க? நான் துணிக்கடை வேலை முடிஞ்சு வர ராத்திரி பத்துக்கு மேல ஆயிரும். ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. இவரு போர் போடற ரிக் வண்டியில வடக்க போனா மாசக்கணக்குல வர மாட்டாரு. மெயின் ரோட்டுலருந்து தனியா நடந்து வர்ற எனக்கு உங்க வாசல் லைட்டுதான் துணை. காலைல ஓடற ஓட்டத்துல நான் கவனிக்கலை, நேத்து ஊருக்கு வந்த இவருதான் போர்டைப் பாத்துட்டுச் சொன்னாரு. போகாதீங்கன்னு சொல்லத்தான் லீவு போட்டு வந்தேன். அந்தக் குக்கர் எங்க ஊட்டோடதுதான் கண்ணு. குழம்புக் கிண்ணம் இன்னிக்கு மத்தியானமே வந்துரும். பேருதான் கமலா இல்லை, சௌந்திரம்.”

போனில் புரோக்கர் “அலோ, அலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“அவங்களை வர வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா” என்றாள் ஷாலினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்காங்க.”