பாட்டிலில் ஒரு எட்டுக்காலி

ஏலப்பாறைப் பள்ளியில் விலங்கியல் நடத்தும் ஆன்மேரி டீச்சர், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று உள்ளே செத்துக் கிடந்தது.

“பயப்படாதீங்கக்கா. கரப்பான் பிடிக்க வீட்டுக்குள்ள வர்ற எட்டுக்காலிதான். கடிச்சா கொஞ்சம் வீங்கும், அவ்வளவுதான்.”

“உசுரு போகாதா டீச்சர்?”

“இது கடிச்சு யாரும் செத்ததில்லக்கா.”

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஞானஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னக்கா ஆச்சு? இதை யாரு பிடிச்சா?”

“மருமகன். எம் மக ஜிஸ்மியைக் கடிச்சது இதுதான்னு காட்டினாரு.”

“ஜிஸ்மி இப்ப எப்படி இருக்கா?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பிள்ளை உடம்பை அறுத்துருவாங்கன்னு பயந்து, நான்தான் டீச்சர், நேத்தே அவசரமா அடக்கம் பண்ண வச்சேன்.”