முன்னணிச் சர்க்கரை

“ஒரு வார்த்தைக்குக்கூட அகராதியைத் தொடல!” என்று கையெழுத்துப் பிரதியோடு வந்தார் மொழிபெயர்ப்பாளர். வேதியியல் ஆசிரியையான மனைவி, திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

“இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பணக்காரி இங்கிலீஷ்ல எழுதின டைரி. புருஷன்னா இப்படி இருக்கணும், கேளு. ‘கணவர் தினமும் தன் கையாலேயே ஒயின் கலந்து தருகிறார். அதில் போடும் பொடியின் பெயரை டப்பாவில் இன்றுதான் பார்த்தேன்: முன்னணிச் சர்க்கரை. என்ன இனிப்பு!’ ”

“வயித்து வலின்னு எங்கயாவது எழுதியிருக்காளா?”

“பத்துப் பக்கத்துக்கு! செல்லம் கூடிப்போனா அப்படித்தான். மார்ச்சுக்கு அப்புறம் டைரி காலி. சந்தோஷத்துல எழுத நேரமில்லாமப் போச்சுன்னு அடிக்குறிப்பே போட்டுட்டேன்.”

மனைவி சிவப்புப் பேனாவால் ‘முன்னணி’யை அடித்து, ‘காரீயம்’ என்று எழுதினாள்.

“அது லீட் இல்லீங்க, லெட். இங்கிலீஷ்ல எழுத்து ஒண்ணுதான்; லீட்னா முன்னணி, லெட்னா காரீயம். காரீயச் சர்க்கரைன்னு அந்தக் காலத்துல சொல்வாங்க. பார்த்தா சர்க்கரை, நாக்குல வச்சாலும் இனிக்கும். ஆளை மெல்ல மெல்லக் கொல்ற விஷம்.”

அவர் பேனாவைப் பிடுங்கி, முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்த ‘இனிய இல்லறம்’ என்ற தலைப்பை அடிக்கப் போனார்.

“அது மட்டும் இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “இனிச்சது உண்மைதானே?”