மேல் லயத்துக்குப் போன செய்தி

திரையில் அந்த மஞ்சள் முக்கோணம் மறுபடியும் வந்து நின்றது.

நிரஞ்சன் அதை முறைத்துப் பார்த்தான். கணினியை அணைத்து மறுபடியும் போட்டான்.

கந்தப்பளை வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு விடியற்காலையிலேயே நடந்து வந்திருந்தான். பஸ் ஓடவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து உட்கார்ந்தவன் இன்னும் எழும்பவில்லை. ஃபெக்டரி ஜெனரேட்டரின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல் அவனுக்கு முதுகுப்புறம்.

அவன் தோட்டத்துக் கிளாக்கர். கணினியை முறையாகப் படித்தவன் இல்லை. ஆபீசில் அதைத் தொடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் அதன் வில்லங்கமெல்லாம் அவன் தலையில் விழுந்தது.

கணினிக்குள்ளேயே வைஃபை இருந்தது. சிக்னல் சரியாக இழுக்கவில்லை என்று போன வாரம் நுவரெலியாவில் யூஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கிவந்து சொருகினான். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர், அதாவது அதை இயக்கிவைக்கும் மென்பொருள். நேற்றுப் பின்னேரம் கணினி தானாகவே அப்டேட் ஆனது. அதற்குப் பிறகு இரண்டு டிரைவர்களும் ஒன்றையொன்று எழும்பவிடவில்லை. இரண்டுமே படுத்துவிட்டன. இண்டர்நெட் போய்விட்டது.

நேற்று இருட்டும்வரை மல்லுக்கட்டினான். புது டிரைவரை அழிப்பான். கணினி அதைத் தானே திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

வெளியே மழைகூட இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, கணினியை அப்படியே ஓடவிட்டு, ஆபீசைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இப்போது ஆபீஸ் வாசலில் யாரோ வந்து நின்றார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னத்தம்பி. முழங்காலுக்கு மேல் சேறு.

“இப்ப எதுக்கு தம்பி அது? விட்டுட்டு வாங்க. அங்க ஆளு பத்தல.”

“இந்தா முடிஞ்சிரும் தலைவரே.”

சின்னத்தம்பி படியிறங்கிப் போனார்.

அந்தக் கணினிக்கு ஆபீஸ் கணக்கைத் தவிர வேறொரு வேலையும் இருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டபோது அங்கே ஒரு கருவி வைத்தார்கள். வெடிப்பு அகன்றால் கருவி கம்பி வழியாகக் கணினிக்குச் சொல்லும். கணினி இண்டர்நெட் வழியாக மேல் லயத்து ஆட்களின் போன்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும். உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று அந்தச் செய்தியைத் தமிழில் எழுதி வைத்தவன் நிரஞ்சன்தான்.

அதற்கு முன்பெல்லாம் வானம் கறுத்தாலே மேல் லயத்துச் சனங்கள் பாயும் பிள்ளைகளுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவார்கள். குளிர்ந்த சிமெந்துத் தரையில் விடியவிடியக் கிடப்பார்கள். கருவி வந்த பிறகு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருந்த ஒரு காலையில், அவன்தான் முன்னால் நின்று பேசினான். இனிமேல் பிள்ளைகளைக் குளிரில் போட வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்குங்கள், ஆபத்தென்றால் போன் எழுப்பும் என்றான்.

நம்பினார்கள்.

நிரஞ்சன் யூஎஸ்பியைப் பிடுங்கி மேசையில் போட்டான். புது டிரைவரை மறுபடியும் அழிக்கப் போனான். அழிக்கவா என்று கேட்ட பெட்டியின் அடியில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. மென்பொருளையும் சேர்த்து அழிப்பதற்கு அதில் சரி போட வேண்டும். நேற்று அது அவன் கண்ணில் படவே இல்லை.

சரி போட்டான்.

கணினி அணைந்து எழும்பியது. மஞ்சள் முக்கோணம் இல்லை. மூலையில் வைஃபை அடையாளம் வெள்ளையாகத் தெரிந்தது.

“இவ்வளவுதானா?” என்று வாய்விட்டுக் கேட்டான். நேற்றும் இவ்வளவுதானா?

அப்போதுதான் எச்சரிக்கைப் பக்கம் தானாகத் திறந்தது.

ராத்திரி கணினி தூங்கவில்லை. நடுச்சாமத்து மழையில் வெடிப்பு அகலத் தொடங்கியதுமே கண்டுகொண்டிருந்தது. செய்தியை எடுத்து, அனுப்ப வழியில்லாமல், கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. இப்போது வழி கிடைத்துவிட்டது.

“வேண்டாம்,” என்றான் நிரஞ்சன். நிறுத்துகிற பொத்தானைத் தேடினான். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு போயின. வீரம்மா. தனுஷன். சுதர்ஷினி. லோஜினி.

நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

விடியலில் விஷயம் கேள்விப்பட்டு வந்தபோது தூரத்திலிருந்து பார்த்ததுதான். பார்த்த பிறகு மேலே ஏறக் கால் வரவில்லை. ஆபீஸ் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டான். மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் சரிந்து கிடந்தது. அதன்மேல் ஆட்கள் குனிந்து குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பெரட்டுக்களத்தில், தார்ப்பாய் போட்டு மூடியவர்களின் வரிசை காலையில் பார்த்ததைவிட நீண்டிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

சண்முகவடிவு. மேல் லயத்துக் கடைசி வீட்டுக்காரி. யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றியிருந்தாள். கையில், துடைத்த பிறகும் சேறு போகாத ஒரு போன்.

“தம்பி, இது எம் மக லோஜினி போனுங்க. புள்ளைய மண்ணுலருந்து எடுக்கயிலயும் கையில புடிச்சிட்டுத்தான் இருந்தா. இப்ப அதுல என்னமோ வந்திருக்கு. எங் கண்ணாடி வீட்டோட போயிருச்சு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”