மியூரியல் நகர மாட்டாள்

லிண்டன் ஒட்டிய மூன்றாவது நோட்டீசின் பசை காய்வதற்குள் மியூரியல் அதை உரித்தெடுத்துப் படகுக்குள் இருந்த அடுப்பில் போட்டாள். அதே நெருப்பில் டீ போட்டு, ஒரு கோப்பையை அவனிடமே நீட்டவும் செய்தாள்.

"நல்லா எரியுது கண்ணு. அடுத்த தடவை ரெண்டா கொண்டா."

கரைப்பாதையில் நின்ற மற்றப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். கால்வாய் ஆபீஸ் சட்டையைப் போடாமல் வந்திருந்தால் லிண்டனும் சிரித்திருப்பான்.

சட்டம் சின்னதுதான். கட்டி நிறுத்தச் சொந்தத் துறை இல்லாத படகு ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, அடுத்த ஊருக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மியூரியலின் படகு மார்க்கெட் டிரேட்டன் என்ற ஊரின் பாலத்துக்குப் பக்கத்தில் அறுபத்திரண்டு நாளாக நிற்கிறது. வந்த மூன்றாம் நாளே அவள் புருஷன் ரெஜி தூக்கத்திலேயே போய்விட்டார்.

லிண்டனுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. துக்கம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், மூன்று மாதம் தள்ளி வைக்கிறேன் என்று படிவத்தோடு வந்து பார்த்தான். செத்த மனுஷனைச் சாக்கு வைத்து எவனிடமும் சலுகை கேட்க மாட்டேன் என்று சொல்லி, அந்தப் படிவத்தையும் அடுப்புக்கே கொடுத்தாள்.

அறுபத்தெட்டு வயசிலும் அந்த வீம்புக்குக் குறைச்சல் இல்லை. பதினோரு வருஷம் இந்த நாட்டுக் கால்வாய் எல்லாவற்றையும் சுற்றியவள். ஒரே நாளில் இருபத்தொரு மதகைத் தன் கையாலேயே திறந்து மூடியவள். எந்த ஊர் பப்பில் உட்கார்ந்தாலும், படகுக்குக் கேப்டன் நான்தான், ரெஜி சும்மா கூட வருகிறார் என்பாளாம்.

போன வாரம் சேறு அள்ளும் படகு வந்து, இருபதடி தள்ளி நிறுத்தச் சொன்னது. மியூரியல் எஞ்சினைத் தொடவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அறுபதடி இரும்புப் படகைக் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு போனாள். ஆபீஸ் சொன்னதற்காக எஞ்சின் போடக்கூட மாட்டேன் என்கிறாள் பார், இதுதான் நெஞ்சுரம் என்று பக்கத்துப் படகுக்காரன் பேஸில் கை தட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய கிரேன் வந்து நின்றது. படகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மியூரியலுக்கு வேறு வீடு வாசல் கிடையாது.

பேஸிலும் இன்னும் ஆறு பேரும் தங்கள் படகுகளை அவள் படகோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, கூரைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் எங்களைத் தூக்கு, அப்புறம் அவளைத் தூக்கு என்றார்கள். மியூரியல் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

லிண்டன் கெஞ்சியே பார்த்தான். அடுத்த ஊர் மூன்றே மைல். பொடிநடை வேகத்தில் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். கிளம்பினால் போதும், இந்தக் கேஸை அப்படியே மூடிவிடுகிறேன் என்றான்.

"கிரேனை இறக்குப்பா. யார் பயப்படறாங்கன்னு பாத்துடலாம்," என்றாள்.

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். குறுக்கே கட்டியிருக்கும் ஏழு படகின் நம்பரையும் எழுதித்தான் ஆக வேண்டும், அவர்கள் லைசென்சும் போய்விடும் என்றான். பேஸில் தன் நம்பரைத் தானே சத்தமாகப் படித்துக் காட்டினான்.

அப்போதுதான் மியூரியலின் முகம் மாறியது. பேஸில் படகின் சன்னலில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். மியூரியல் அந்தச் சன்னலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு லிண்டனின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள். திரைச்சீலையையும் இழுத்துவிட்டாள்.

"அவங்க நம்பரை எழுதாத. நான் கிளம்பறேன்."

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே. ரெஜி போன இடத்தை விட்டுப் போக மனசு வரல, அதானே? எல்லாருக்கும் புரியும். இதுல என்ன வெக்கம்?"

"ரெஜியாவது, இடமாவது. அந்தாளு இங்கயா இருக்கார்?" வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, கண்ணு."