நீலப் புள்ளி

வாவிக்கரை ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக் தகடுகளின் உறுதியை அளப்பது நிஸ்றாவின் வேலை. தகட்டின் விளிம்பில் பிளேட்டால் சிறு வெட்டுப் போட்டு, இயந்திரத்தில் பூட்டி இழுப்பாள். வெட்டிலிருந்து வெடிப்பு நீளும். மாலையில் அதன் நுனியில் நீலப் பேனாவால் புள்ளி வைத்துவிட்டுப் போவாள்.

நீண்ட வெடிப்பு சுருங்கியதாக யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் காலை சுருங்கியிருந்தது. புள்ளி மட்டும் தள்ளி, தனியே நின்றது. உதவியாளர் டரல்தான் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தாள். அளவு பிழையானால், இந்த ஆய்வை நம்பியிருக்கும் அவளுடைய பட்டமும் கிடைக்காமல் போய்விடும். மறுபடி இழுத்து, புதுப் புள்ளி வைத்து, மூலையில் தன் பெயரைக் கீறி, அலுமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் தகட்டில் பெயர் இருந்தது. வெட்டு, வெடிப்பு, புள்ளி எதுவுமே இல்லை.

"டரல், தகட்ட மாத்தினீங்களா?"

"நான் என்னத்துக்கு மிஸ் மாத்துற? சாவி உங்கட கையிலதானே." அவரும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்ட கண்ணாடியில நீங்கதான் கை வெச்சீங்களா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். பிளாஸ்டிக் வில்லையின் விளிம்பில் ஒரு பிளேட் வெட்டு. அதிலிருந்து நேராக ஒரு வெடிப்பு. நுனியில் நீலப் புள்ளி.

டரல் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நிஸ்றா பார்த்துக்கொண்டிருக்கவே, வெடிப்பு புள்ளியைத் தாண்டியது.